சூரை முள் விட்ட வழி

மச்சாளின் எருமை அன்றிரவு பட்டிக்கு வரவில்லை. விடிந்ததும் விடியாததுமாக அவள் என் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"மச்சாள், சைக்கிளை எடுங்கோ. அது கண்டு போடக் காட்டுக்குள்ள போயிட்டுது."

மச்சாள் என்றால் என் மனுசனின் தங்கை. கப்பல்துறையில் அடுத்தடுத்த வளவில் இருக்கிறோம். என் மனுசனும் உயிரோடு இல்லை, அவளுடைய மனுசனும் இல்லை. அவளுக்கு இருந்தது அந்த ஒரு எருமைதான். அதன் பாலில் தயிர் போட்டுக் கண்டி றோட்டோரம் சட்டியை அடுக்கி வைத்துக்கொண்டு இருப்பாள். போன முறையும் அந்த எருமை காட்டுக்குள் போய்த்தான் கன்று போட்டது. நாங்கள் போய்ச் சேருமுன் நரி தின்றுவிட்டது. கன்று முட்டாமல் எருமை பால் விடாது. அந்த வருசம் முழுவதும் மச்சாளின் சட்டிகள் வேலியோரம் கவிழ்ந்தே கிடந்தன. இந்த முறையும் கன்று போனால் எருமையை இறைச்சிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆட்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. வாசலில் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்த விதத்தில் எனக்குத் தெரிந்தது.

சைக்கிள் என்று அவள் சொன்னது மோட்டார் சைக்கிளை. என் மனுசன் ஓட்டித் திரிந்தது. அவர் போன பிறகு அது மாமரத்தின் கீழ் துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலவில்லை. குளக்கட்டில் விழுந்து எழும்பி ஓடப் பழகினேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் இந்தப் பக்கத்தில் என் வயதில் காட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற பெண் வேறொருத்தி இல்லை. நானாகச் சொல்லவில்லை. சந்தியில் நிற்கிறவர்கள் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

காட்டுக்குள் ஓடுகிற சைக்கிளுக்குச் சில ஆயத்தங்கள் இருக்கின்றன. உடை மரத்து முள் ஆணி மாதிரி நேராக ஏறும். அதற்காகப் பழைய ரயர் ஒன்றை வெட்டி, ரயருக்கும் ரியூபுக்கும் நடுவில் உள்ளே கொடுத்து வைத்திருக்கிறேன். சில்லுக்குப் பாரம் கூடும், ஆனால் காற்றுப் போகாது. காலுக்குச் சாக்குத் துண்டு. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சுற்றிக் கயிற்றால் கட்ட வேண்டும். தலைக்கு ஹெல்மெட். ஹெல்மெட் போட்டால் தலை வேர்க்கும் என்று மச்சாள் மறுத்துவிட்டாள்.

இதையெல்லாம் கட்டுவதற்கு முன் நான் குளித்தேன். சந்தன சோப் போட்டு முகம் கழுவிப் பவுடரும் பூசினேன். எங்கே போவதென்றாலும் அப்படித்தான். மச்சாளும் என்னைப் பார்த்துத் தன் வீட்டுக்குள் போய்ப் பூசிக்கொண்டு வந்தாள்.

"எருமைக்கு மாப்பிள்ளை பாக்கவோ போறம்?" என்று கேட்டேன்.

"நீங்கள் மட்டும் வடிவாப் போவியள், நான் பின்னால பேய் மாதிரிக் குந்தி வரவோ?" என்றாள்.

யானை வராமல் அடைத்த வேலியைத் தாண்டியதும் மணல் பாதை. மணலில் மெதுவாகப் போனால் முன்சில்லு புதையும். பயந்து பிறேக்கைப் பிடித்தால் விழவேண்டியதுதான். ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காமல், சில்லு தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டு போக விட வேண்டும். மாசி வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. தம்பலகாமத்துப் பக்கம் அறுப்பு முடிந்துவிட்டது. வைக்கோல் மணம் காட்டுக்குள்ளும் வந்தது. இருபக்கமும் சூரை பழுத்துக் கறுத்துக் கிடந்தது.

சூரை மற்ற முட்களைப் போல் இல்லை. அதன் முள் பூனை நகம் மாதிரிப் பின்பக்கம் வளைந்தது. தொடும்போது ஒன்றும் தெரியாது. மாட்டிய பிறகு முன்னுக்கு இழுத்தால் கிழிக்கும். வந்த வழியே பின்னுக்குப் போனால் தானாக விடும். கால்நடையாகப் போகிறவருக்கு அது சுகம். மோட்டார் சைக்கிள் பின்னுக்குப் போகாதே.

"நில்லுங்கோ, நில்லுங்கோ! ஆரோ என்ர கொண்டையைப் பிடிச்சு இழுக்கினம்!"

நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். மச்சாளின் கொண்டையைச் சூரைக் கொப்பு ஒன்று பிடித்திருந்தது. அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு சீற்றில் மல்லாந்து கிடந்தாள்.

"வேர்க்குமெண்டு சொன்னனீ, இப்ப குளிராக் கிடக்கோ?"

"சிரியாதேங்கோ மச்சாள். எடுத்துவிடுங்கோ."

இறங்கி ஒவ்வொரு முள்ளாகப் பின்பக்கமாகத் தள்ளி எடுத்தேன். அதற்குள் என் கணுக்காலில், சாக்கு முடிகிற இடத்தில், காஞ்சோண்டி இலை உரசிவிட்டது. கொள்ளி வைத்தது மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். என் ஹெல்மெட்டை அவள் தலையில் போட்டேன். அவளே வாரை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

அந்த எருமைக்கு என் சைக்கிளின் ஹோர்ன் தெரியும். பின்னேரத்தில் மில்லிலிருந்து தவிடு ஏற்றிக்கொண்டு வருவது நான்தான். வளவு வாசலில் ஹோர்ன் அடித்ததும் அது எங்கே நின்றாலும் தலையைத் தூக்கிக்கொண்டு வரும். அதனால் கொஞ்சத் தூரம் ஓடுவதும், எஞ்சினை நிறுத்தி ஹோர்ன் அடிப்பதும், காது கொடுப்பதுமாகப் போனோம். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மடுவொன்றைத் தாண்டி, வீடளவு உயர்ந்து கிடந்த சூரைப் பற்றையின் பக்கம் அடித்தபோது, உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. கட்டைக் குரல். ஒருமுறைதான்.

மச்சாள் சைக்கிள் நிற்குமுன் குதித்துவிட்டாள். நிலத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். ஈரமண்ணில் நரிக்கால். பற்றையைச் சுற்றிச் சுற்றி நடந்திருந்தது.

"முடிஞ்சுது மச்சாள்," என்றாள். "இந்த முறையும் முடிஞ்சுது."

"குரல் குடுத்ததெல்லோ? வா."

அவள் கூப்பிட்டுக்கொண்டு பற்றையை நெருங்கினாள். சூரைக்குள் நிலத்தோடு நிலமாக ஒரு வளை மாதிரி வழி இருந்தது. எருமை தன் தோலால் நெருக்கி நெருக்கிப் போட்ட வழி. அதற்குள்ளிருந்து முதலில் மூச்சு வந்தது. பிறகு கொம்பு வந்தது. தலையைத் தாழ்த்திக்கொண்டு அது வந்த வேகத்தைப் பார்த்து நான் சைக்கிளுக்குப் பின்னால் போனேன்.

"என்னைத் தெரியேல்லையோ உனக்கு?" மச்சாளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "என்ர கையால திண்டனீ! என்னையே முட்ட வாறாய்?"

அது முட்டத்தான் வந்தது. இரண்டு கிழவிகளும் ஓடினோம். நான் அப்படி ஓடி எவ்வளவோ காலம். பாலை மரத்தில் படர்ந்து கிடந்த கொடியொன்றைப் பிடித்து இழுத்து விலக்கிக்கொண்டு அதன் கீழே புகுந்தோம். எருமை பாதியில் நின்று, ஒருமுறை சீறிவிட்டு, திரும்பவும் பற்றைக்குள் போய்விட்டது.

அப்போதுதான் மேலே பார்த்தேன். கொடி முழுக்கப் பூனைக்காலிக் காய். பொன்னிற மயிர் போர்த்த காய்கள் கொத்துக் கொத்தாக ஆடிக்கொண்டிருந்தன. நாங்கள் இழுத்த இழுவைக்கு அந்த மயிர் உதிர்ந்து, வெயிலில் மின்னிக்கொண்டு, அவசரமே இல்லாமல் எங்கள் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. பொன் தூவுவதுபோல. அதைவிட வடிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

பிறகு கழுத்தில் தொடங்கியது.

அந்தக் கடியைச் சொல்ல எனக்குத் தெரியாது. சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். தண்ணீர் பட்டால் பரவும். மச்சாள் சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு வட்டமாகச் சுற்றினாள். "ஐயோ மச்சாள், நெருப்பு, நெருப்பு" என்றாள். நானும் சுற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்குச் சேறுதான். மாடு புரண்ட மடுவின் சேறு, சாணியும் மூத்திரமும் கலந்து கறுத்தது. அதை அப்பிக் காயவிட்டு உரித்தால் மயிர் அதோடு வரும். கூச்சம் பார்க்கிற நேரமா? மடுவுக்குள் இறங்கிக் கழுத்தில், முகத்தில், கையில், முதுகில், எட்டாத இடத்தில் ஒருவருக்கொருவர் அப்பிக்கொண்டோம். மடுக்கரையில் யானை இலத்தி சூடாறாமல் கிடந்தது. அதையும் பார்த்தோம். மச்சாளின் கண் இரண்டும் பல்லும்தான் வெளியே தெரிந்தன. அவள் என்னைப் பார்த்தாள்.

"பவுடர் வடிவா அப்பியிருக்கிறியள்," என்றாள்.

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

சேறு காய்ந்துகொண்டிருக்க அவள் திடீரென்று எழும்பினாள். "நான் இன்னொருக்காப் போய்ப் பாக்கிறன். கண்டு செத்துக் கிடந்தாலும் என்ர கண்ணால காணோணும்."

"முட்டினால் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது."

"அப்ப விட்டிட்டுப் போங்கோ."

பின்னால் போனேன். வேறென்ன செய்வது? வளை வாசலில் மச்சாள் மண்டியிட்டாள். உள்ளேயிருந்து அதே மூச்சு. கொம்பு வந்தது, மூக்கு வந்தது. ஈர மூக்கு அவள் தோளில், கழுத்தில், கையில் ஊர்ந்து நின்று நின்று மணந்தது. எருமை தலையை மெதுவாகத் திருப்பிக்கொண்டு அவளுக்கு வழி விட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சந்தன சோப்பும் பவுடரும் மணக்க இரண்டு பேர் கன்று போட்ட எருமைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறோம். அதற்கு எங்களை எப்படித் தெரியும்? இப்போது எங்களில் அதன் மடுவின் மணம் இருந்தது.

மச்சாள் தவழ்ந்து உள்ளே போனாள். நான் வாசலிலேயே குனிந்து பார்த்தேன். உள்ளே சூரை ஒரு கூடாரம் மாதிரி வளைந்து, நடுவில் நிலம் வெறுமையாக, நிழலாக இருந்தது. அந்த நிழலில் கன்று கிடந்தது. காது ஆடியது.

"உயிரோட கிடக்கு மச்சாள்! கிடாரி! கிடாரிக் கண்டு!"

நான் கையை ஊன்றி நிமிர்ந்தபோது என் முகத்துக்கு நேரே ஒரு முள். அந்த முள்ளில் மயிர் ஒரு கொத்து. செம்மண் நிறம், நுனி கறுப்பு. பக்கத்து முள்ளிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். நரி ஒருபக்கம் மட்டும் முயலவில்லை. கொம்பு காத்த வளையை விட்டுவிட்டு எல்லாப் பக்கமும் முயன்றிருக்கிறது. உள்ளே தலையைக் கொடுத்திருக்கிறது, சூரை பிடித்திருக்கிறது, மயிரைக் கொடுத்துவிட்டு வந்த வழியே போயிருக்கிறது. காலையிலிருந்து நான் ஏசிக்கொண்டு வந்த முள். அந்த மயிரைத் தொட்டுப் பார்த்தேன். எவர் இந்த எருமைக்குச் சொல்லிக் கொடுத்தது? எவர் இந்த முள்ளை இந்தப் பக்கம் வளைத்தது? கோயிலில் நிற்கும்போது வருமே ஒரு நடுக்கம், அது வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

கன்றுக்கு நடக்கத் தெரியவில்லை. என் காலில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து அதைப் பொதிந்து, சீற்றில் எங்கள் இருவருக்கும் நடுவில் குறுக்கே வைத்தோம். மச்சாள் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஹோர்னை அடித்துக்கொண்டு மெதுவாக எடுத்தேன். எருமை பின்னால் வந்தது. மணலில் சில்லு ஆடும்போதெல்லாம் அதன் மூச்சு என் முதுகுக்குக் கிட்டக் கேட்டது. சூரைக் கொப்பு வந்த இடங்களில் அது எங்களை முந்திக்கொண்டு போய் நெஞ்சால் தள்ளியது. முள் அதன் தோலில் வெள்ளைக் கோடு இழுத்தது, அவ்வளவுதான். அது திறந்த வழியில் நான் ஓடினேன். சாக்கில்லாத என் காலில் ஒரு கீறல்கூட இல்லை.

யானை வேலியடியில் நின்றவர்கள் எங்களைப் பார்த்து ஒதுங்கினார்கள். சேறு பூசிய இரண்டு கிழவிகள், நடுவில் ஒரு கன்று, பின்னால் ஒரு எருமை. ஒருவர் வாய் திறந்தார். மச்சாள் ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பின்னேரம் பட்டிக்குள் கன்று எழும்பியது, விழுந்தது, எழும்பி மடியைப் பிடித்தது. அது முட்ட முட்ட எருமை கண்ணை மூடிக்கொண்டு பால் விட்டது. மச்சாள் பட்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வேலியோரம் போய் அவளுடைய சட்டிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் கன்று போட்டதும் முதல் கறக்கும் கடும்புப் பாலைப் பட்டி வாசலில் ஊற்றுவது வழக்கம். மறுநாள் காலை மச்சாள் செம்பை முந்தானையால் மூடிக்கொண்டு என் குசினி வாசலில் நின்றாள். ஹெல்மெட் தலையில் இருந்தது.

"மச்சாள், சைக்கிளை எடுங்கோ. இது பட்டிக்கு இல்லை."

அந்தச் சூரையடிக்கு என்று எனக்குத் தெரிந்தது. காலுக்குச் சாக்கைக் கட்டினேன். பவுடர் பூசவில்லை.