இரண்டு கீறல் தண்ணி

ஆவரங்குளத்தில் நிலம் இல்லாதவனைத்தான் நம்புவார்கள். தண்ணீர் விஷயத்தில் மட்டும் இந்தப் பெருந்தன்மை, மற்ற எதிலும் கிடையாது. கண்மாய் மடையைத் திறந்து, நாற்பது ஏக்கர் வயலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஆளுக்கு நீர்பாய்ச்சி என்று பெயர். அவனுக்குக் கையகல நிலம் இருந்தாலும் தன் வயலுக்குத்தான் முதலில் திருப்புவான் என்று பயந்து, காலனியில் நிலமே இல்லாத வீடாகப் பார்த்து அந்தக் காலத்தில் அந்த வேலையைக் கொடுத்தார்கள். நிலம் இல்லாமல் வைத்திருந்ததும் அவர்கள்தான், அதையே நேர்மைக்குச் சாட்சியாகச் சொன்னதும் அவர்கள்தான். மலையம்மாளின் புருஷன் மொக்கைச்சாமி அப்படி வழிவழியாக வந்த நீர்பாய்ச்சி.

மலையம்மாளுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மதுரைக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பதினோரு வருஷம் செங்கல் சுமந்தாள். கடைசியில் கண்மாயின் கடைமடையில், தண்ணீர் போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிற மூலையில், அரை ஏக்கர் வாங்கினார்கள். பத்திரம் பதிந்துவிட்டு வந்த அன்று மொக்கைச்சாமி அந்த வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். ஊரில் அன்றைக்கே முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது.

மறு வருஷம் மார்கழியில், நல்ல உச்சி வெயிலில், கருத்தக்கண்ணன் மடைக்கு வந்தான். மடையை ஒட்டிய முதல் நாலு ஏக்கரில் விவசாயம் பண்ணுகிறவன். மொக்கைச்சாமி குனிந்து ஷட்டர் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். வந்தவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அரிவாளை இறக்கினான். ஆள் பின்னால் விழுந்தான். மணிக்கட்டோடு போன கை சாவியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தண்ணீர் அதுபாட்டுக்கு வாய்க்காலில் சிவப்பாக ஓடி, முதலில் கருத்தக்கண்ணன் வயலுக்குத்தான் போனது.

நீர்பாய்ச்சி தன் வயலுக்கு அதிகமாகத் திருப்பிவிட்டான் என்பது கருத்தக்கண்ணன் சொன்ன காரணம். காலனியே அதைப் பொய் என்றது. மலையம்மாள் அதில் சேர்ந்துகொள்ளவில்லை. அவளுக்குத் தெரியும். வெட்டுக்கு முந்தின நாள் அவள்தான் மண்வெட்டியோடு அந்த அரை ஏக்கரில் நின்றாள். முறை முடிந்தும் அரை மணி நேரம் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஏன் அடைக்கவில்லை என்று கேட்டதற்கு, நம்ம வயல் குடிக்கிறதைப் பார்க்க ஆசையாக இருந்தது என்று மொக்கைச்சாமி சிரித்தான். அரை மணி நேரத்துக்கு ஒரு கையா? பாவி, அது எந்த ஊர் நியாயம்? ஆனாலும் அந்த அரை மணி நேரம் அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

கருத்தக்கண்ணன் ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கு நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. இந்த லட்சணத்தில் நீர்பாய்ச்சி வேலைக்கு வர எவனும் தயாரில்லை. மலையம்மாள் ஊர்க்கூட்டத்துக்குப் போய் நான் பார்க்கிறேன் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் வீட்டுக்கு ஒருவர் மடைக்கு வந்து, தண்ணீர்க் கணக்கைப் படித்தாக வேண்டும். ஊர் வீடும் வரவேண்டும், காலனி வீடும் வரவேண்டும்.

அந்தக் கணக்கு மடை ஓரத்துக் கல்தூணில் இருக்கிறது. தூணில் ஏழு கீறல்கள். தண்ணீர் ஒரு கீறல் இறங்கினால் நாற்பது ஏக்கருக்கும் ஒரு தடவை, அதாவது ஒரு தண்ணி, பாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் கல் என்று நினைத்து ஊரில் அதில் மாடு கட்டினார்கள். மொக்கைச்சாமியின் குடும்பத்துக்கு மட்டும்தான் அதைப் படிக்கத் தெரியும். தண்ணீர் குறைந்த வருஷத்தில் கூட, தண்ணி கிடக்கு, கிடக்கு என்று சொல்லியே ஊரை அடங்கவைத்து ஓட்டுவது அவர்கள் வழக்கம். அந்த ரகசியத்தில்தான் அந்த வீட்டுச் சோறு இருந்தது.

“எங்கப்பன் என் காதுல மட்டும் சொன்னதுடி அது. கையும் போச்சு, அதையும் கொண்டுபோய்க் கொடுக்கப் போறியா?” என்று மொக்கைச்சாமி கேட்டான்.

“ஒருத்தர் காதுல மட்டும் இருந்ததாலதான்யா ஒருத்தர் கை போச்சு” என்றாள் மலையம்மாள். அதற்குமேல் அவனிடம் வாதாடவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். ஊர்க்காரர்கள் கரையின் மேல் ஒரு பக்கம், காலனிக்காரர்கள் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு லாரி போகலாம், அவ்வளவு இடைவெளி. மாதம் இரண்டு ஆனபோது நாற்பது பேர் வந்தார்கள். கல் ஒன்றுதானே, எட்டிப் பார்க்கவேண்டியிருந்ததால் இடைவெளி தானாகக் குறைந்தது. கருத்தக்கண்ணன் வரவில்லை. அவன் பெண்டாட்டி செல்லத்தாய், ஆட்டைப் பத்திக்கொண்டு வருகிற சாக்கில் வந்து தூரத்தில் நின்றாள். பிறகு பக்கத்தில் வந்தாள். களிமண் எவ்வளவு குடிக்கும், செம்மண் எவ்வளவு குடிக்கும் என்று எல்லாரையும்விட அவளுக்குத்தான் சீக்கிரம் பிடிபட்டது. அந்த வருஷம் நல்ல மழை. வீட்டுக்கு ஒரு ஆள் என்று இறங்கி வாய்க்காலைத் தூர் எடுத்தார்கள். கடைமடைக்கு முதல்முறையாகப் பகலிலேயே தண்ணீர் போனது. கல்லைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவது வழக்கமானது. மலையம்மாள் ஜெயித்துவிட்டதாகத்தான் எல்லாரும் பேசினார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அடுத்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியது. தை பிறந்தபோது கதிர் வெளியே வருகிற பருவம். அறுப்பு வரைக்கும் இன்னும் நாலு தண்ணி வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மலையம்மாள் கல்லைப் படம் எடுத்துப் போட்டாள். இரண்டு கீறல்.

பழைய காலமாக இருந்தால் நீர்பாய்ச்சிக்கு மட்டும் தெரிந்திருக்கும். இப்போது ஊர் முழுக்கப் படித்திருக்கிறது. நாலு தண்ணி வேண்டும், இரண்டுதான் இருக்கிறது என்று நாற்பது வீட்டிலும் ஒரே நேரத்தில் தெரிந்தது. எட்டரைக்கெல்லாம் கரையில் ஆள் கூடிவிட்டது. எண்ணச் சொல்லிக் கொடுத்தால் பங்கு போடவும் தானாக வந்துவிடும் என்று நம்பியதுதான் மலையம்மாள் செய்த தப்பு. அவள் வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு ஓடினாள்.

தலைமடைக்காரர்கள் அரிவாளோடு ஷட்டரைச் சுற்றி நின்றார்கள். கடைமடைக்காரர்கள் கடப்பாரையோடு கரை மேலே நின்றார்கள். எங்களுக்கு இல்லாத தண்ணி எவனுக்கும் வேண்டாம், கரையை வெட்டிவிடுகிறோம் என்பது அவர்கள் பேச்சு. பேச்சு என்ன பேச்சு, ஏற்கெனவே முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியாயிற்று. காலனிச் சிவக்குமார் மண்வெட்டிக் காம்பால் தாடை உடைந்து, வாயை மூட முடியாமல் ரத்தம் ஒழுக உட்கார்ந்திருந்தான். தலைமடையில் ஒருவனுக்குக் கடப்பாரை தொடையில் இறங்கியிருந்தது. போன வருஷம் ஒன்றாகத் தூர் எடுத்த ஆட்கள், அதே மண்வெட்டியால் ஒருவனை ஒருவன் கொத்தினார்கள். கல்லில் எத்தனை கீறல் என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். அதைக் கேட்டதும் மலையம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

அழுதுகொண்டே மடைக்குள் இறங்கி ஷட்டரை இறுக்கி மூடினாள். சாவியை உருவி மடியில் வைத்து அதன் மேல் குனிந்து உட்கார்ந்தாள். கருத்தக்கண்ணன் அவள் முன்னால் வந்து நின்றான்.

“கொடு.”

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவன் அரிவாளைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அவள் தோளில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இடது கை தொங்கிப்போனது. வலது கையால் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவன் இரண்டாவது முறை ஓங்கியபோது குறுக்கே செல்லத்தாய் வந்து நின்றாள்.

செல்லத்தாய் கத்தவில்லை. வெள்ளிக்கிழமைக் கணக்குக்குப் பதில் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

“இருக்கிறது ரெண்டு தண்ணி. நாப்பது ஏக்கருக்கும் விட்டா எல்லாமே பதரு, ஒரு மணி தேறாது. தலைமடை இருபதுக்கு மட்டும் விட்டா நாலு தண்ணியும் கிடைக்கும். அந்த இருபதையாவது அறுக்கலாம்.”

கருத்தக்கண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. “அதைத்தானே நானும் சொல்றேன்.”

“நீ சொல்றது வேற. அறுத்ததை நாப்பது ஏக்கர்க்காரவுகளும் நிலத்துக்குத் தக்கன பிரிச்சுக்கிறணும். காவலும் அறுப்பும் எல்லாரும் சேந்து. மடைக்கு முதல் நாலு ஏக்கரு எங்கப்பன் என் பேருக்கு எழுதிக் கொடுத்தது. அதை முதல்ல நான் பொதுவுல விடுறேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஊரும் காலனியும் பார்த்துக்கொண்டிருக்கப் பெண்டாட்டி சொன்ன அந்த வார்த்தையை அவனால் தாங்க முடியவில்லை. இந்தத் தடவை அரிவாளைத் திருப்பிப் பிடிக்கவில்லை. செல்லத்தாய் முகத்தை மறைத்துக் கையைத் தூக்கினாள். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது, அப்புறம்தான் ரத்தம் வந்தது.

“அண்ணியவா வெட்டுனே?” என்று கருத்தக்கண்ணனின் தம்பி ஜெயபாண்டிதான் முதலில் பாய்ந்தான். அடுத்து தலைமடைக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் கடைமடைக்காரர்கள். ஊரும் காலனியும் வித்தியாசம் பார்க்காமல் தோளோடு தோள் நின்று ஒரே ஒரு மனுஷனை மிதித்தார்கள். ஆவரங்குளத்தில் இப்படி ஒரு ஒற்றுமையை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. இரண்டு நிமிஷத்தில் அவன் முகம் எது, தலை எது என்று தெரியவில்லை. தொண்டையில் ரத்தம் கொப்புளிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மொக்கைச்சாமி வந்தான். இடது கையில் தேங்காய் அளவு கருங்கல். அவனுக்கு வழிவிட்டார்கள். அது அவன் பாத்தியதை என்று எல்லாருக்கும் தோன்றியது. மலையம்மாளுக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. போடட்டும், இரண்டு வருஷமாக ஒற்றைக் கையால் வேட்டி கட்டுகிறவன், போடட்டும் என்று அவள் மனசார நினைத்தாள். அப்புறம் முறிந்த தோளோடு தவழ்ந்து போய்க் கருத்தக்கண்ணன் மேல் குப்புற விழுந்தாள்.

“எந்திரிடி” என்றான் மொக்கைச்சாமி.

“இவன் செத்தா போலீசு வரும். மடைக்கு சீல் வைக்கும். ஆம்பளை பூராம் உள்ள கிடப்பீக. இந்த ரெண்டு கீறலும் வெயிலுக்குத்தான் போகும். போடுறதுன்னா என் மேல போடு.”

அவன் ஓங்கிய கையோடு நின்றான். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியில் கல்லைக் கண்மாய்க்குள் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டான்.

செல்லத்தாயின் திட்டத்துக்கு அங்கேயே, ரத்தம் காய்வதற்குள், எல்லாரும் தலையாட்டினார்கள். மனசு திருந்தி ஆட்டினார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நியாயம் பாதி, கரையில் தோண்டிய குழியைப் பார்த்த பயம் பாதி. மதுரை ஆஸ்பத்திரியில் அடிபட்ட ஏழு பேரும் கரையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். ஒரே நாளில் ஒரே கரையில் எத்தனை பேரப்பா வழுக்குவீர்கள் என்று டாக்டர் கேட்டாராம்.

கடைமடைப் பயிரை ஆடு மாட்டுக்கு விட்டார்கள். மொக்கைச்சாமியின் அரை ஏக்கரையும்தான். அவன் வரப்பில் உட்கார்ந்து, பாலேறாத கதிர்களை ஆடுகள் மென்று தின்பதைக் கடைசிவரை பார்த்தான். தலைமடைக்கு நாலு தண்ணியும் போனது. வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். ஊர் வீட்டில் ஒருவர், காலனியில் ஒருவர் என்று ஜோடி போட்டது மலையம்மாள்தான். தோளைக் கட்டிப் போட்டிருந்ததால் ஷட்டரைத் திருக அவளால் முடியவில்லை, ஜெயபாண்டி திருகினான்.

பங்குனி முதல் வாரம் அறுத்துக் களத்தில் சேர்த்தார்கள். கருத்தக்கண்ணனும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். ஒரு கண் போயிருந்தது, பேச்சும் குழறியது. இவனுக்கு எதற்குப் பங்கு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தம்பி ஜெயபாண்டியே கேட்டான். மலையம்மாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: நிலத்துக்குத்தான் பங்கு, ஆளுக்கு இல்லை. அவன் பேரில் நடுமடையில் ஒன்றரை ஏக்கர் இருந்தது. அதற்கு என்ன வருமோ அதை மரக்கால் குறையாமல் அளக்கச் சொன்னாள். செல்லத்தாய் தழும்பேறிய கையால் மூட்டையைக் கட்டினாள்.

தங்கள் பங்கு மூட்டையை வீட்டில் இறக்கிய பிறகு மொக்கைச்சாமி வாயைத் திறந்தான். கல்லை எறிந்த நாளிலிருந்து அவன் அவளிடம் பேசியிருக்கவில்லை.

“அவன் என் கையை மட்டுந்தான் எடுத்தான். மிச்சம் இருந்ததை நீ எடுத்துட்டே. ஊர்ல எவன் வயலு காஞ்சாலும் உனக்கு வலிக்குது, எனக்கு வலிச்சது மட்டும் உனக்குத் தெரியலை.”

மலையம்மாள் தெரியும் என்று சொல்ல நினைத்தாள். அன்றைக்குத் தானும் போடட்டும் என்றுதான் நினைத்ததாகச் சொல்ல நினைத்தாள். சொன்னால் அவனுக்குக் கொஞ்சம் ஆறும். சொல்லிவிட்டால், ஏன் விழுந்தாய் என்று கேட்பான், அதற்கு ஊர், தண்ணி என்று மறுபடி அதையேதான் சொல்லவேண்டும். நாற்பது வீட்டுக்கும் கணக்குச் சொல்லத் தெரிந்தவளுக்கு இவன் ஒருவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

“ஆமாய்யா. எடுத்துட்டேன்” என்றாள்.

அவன் தலையாட்டினான். அவள் அந்த நெல்லில் நாலு படி அள்ளி முற்றத்தில் காயப்போட்டாள். மூன்றாம் நாள் அதைக் குத்தி உலை வைத்தாள். மொக்கைச்சாமி இடது கையால் பிசைந்து சாப்பிட்டான், இரண்டாவது தடவை கேட்டு வாங்கியும் சாப்பிட்டான். அதற்குப் பிறகு அவர்கள் சண்டை போட்டதில்லை, பேசிக்கொண்டதும் இல்லை.