வழுக்கை மட்டும் மின்னிய சிலை

என் சித்திக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. வீட்டில் ஒரு பாத்திரம் கறுத்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. தேய்க்கிற துணியை மட்டும் யாரிடமும் தர மாட்டாள். சித்தப்பா ஒரு தடவை உதவப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இப்பேர்ப்பட்டவளை ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்கு வைத்தால் சும்மா இருப்பாளா?

ஆஸ்பத்திரி முன்கூடத்தில், அதைக் கட்டிய டாக்டருக்கு மார்பளவு வெண்கலச் சிலை உண்டு. கன்னங்கரேலென்று இருக்கும். பெரிய மனுஷனை இப்படியா வைப்பார்கள் என்று சித்திக்கு வயிறு எரிந்தது. டாக்டரின் நினைவு நாளுக்கு முந்தின நாள், பாலிஷும் துணியுமாக ஸ்டூலில் ஏறிவிட்டாள். வழுக்கைத் தலை முழுக்கத் தங்கமாக ஜொலித்த நேரத்தில் மேனேஜர் வந்து சேர்ந்தார். அது அழுக்கே இல்லையாம். சிற்பி நெருப்பும் மருந்தும் காட்டிப் பக்குவமாக ஏற்றிய நிறமாம். நாளைக்கு டாக்டரின் மனைவி, டாக்டரம்மா வந்து என்ன சொல்கிறாரோ, அதைப் பொறுத்துத்தான் உன் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சித்தி சாப்பிடவில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் வாய் இருக்கிறதே! நல்லவேளை, மீசையை விட்டுவைத்தாய் என்றேன். கரண்டி பறந்து வந்தது.

மறுநாள் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா சிலைக்கு முன்னால் வந்து நின்றார். மேனேஜர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததை அவர் காதில் வாங்கவே இல்லை. கையை நீட்டி அந்த வழுக்கையைத் தடவினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"தினமும் எண்ணெயைத் தடவிக்கிட்டு இப்படித்தான் மின்னிக்கிட்டு வந்து நிப்பாரு. இவ்வளவு நாளா இங்க யாரோ இருந்தாரு. இப்பதான் என் வீட்டுக்காரரு."

யார் தேய்த்தது என்று கேட்டார். என் முதுகுக்குப் பின்னாலிருந்து சித்தி மெதுவாக வெளியே வந்தாள்.

இப்போது வாரா வாரம் அந்தத் தலையைத் தேய்ப்பது சித்தியின் பொறுப்பு. காதுக்குக் கீழே கை போனால் சீட்டுக் கிழியும் என்று மேனேஜர் எச்சரித்து வைத்திருக்கிறார்.

போன வாரம் அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் கொஞ்சம் பண்ணட்டுமா?"

சித்தி துணியை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.