கத்திப் பார்த்த வீடுகள்

சேலத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடங்களில் அம்மா என்னைக் கத்தச் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது. தரகர் வாசலில் செல்பேசியில் பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, அம்மா என்னைக் கடைசி அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்துவார். "இப்பக் கத்து சாமி. பயந்தாப்ல கத்தோணும்" என்பார். நான் கத்துவேன். அம்மா சன்னலோரம் நின்று ஒருமுறை வெளியேயும் ஒருமுறை கைக்கடிகாரத்தையும் பார்ப்பார்.

எதற்கு என்று கேட்டேன். "திருடன் வந்தா யாராச்சும் வாராங்களான்னு தெரியோணுமில்ல" என்றார். நியாயமான பதிலாகத்தான் பட்டது.

எங்கள் வீடு புதுச்சத்திரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. மூன்று பக்கம் மரவள்ளி, ஒரு பக்கம் சோளம். அடுத்த வீட்டின் ஓடு தெரியும். அங்கே பேசுவது கேட்காது. நெடுஞ்சாலையில் போகும் லாரிகளின் சத்தம் மட்டும் காற்று இந்தப் பக்கம் அடித்தால் வரும். அம்மா கத்தினால் அதைக் கேட்க நானும் இரண்டு மாடுகளும் இருந்தோம்.

அம்மா கத்தியதுண்டு. அப்பா அம்மாவை அடிப்பார். அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் பங்குதாரர். வண்டியோடு வடக்கே போனால் பத்து மாதம் வரமாட்டார். அங்கே மழை தொடங்கி வேலை நின்றால் ஊருக்கு வருவார். அந்த இரண்டு மாதமும் அம்மா முழங்கை மறையும் ரவிக்கையே போடுவார். முந்தைய ஆண்டு இடது கை முறிந்தது. தண்ணீர்த் தொட்டி அருகே வழுக்கி விழுந்ததாக நாமக்கல் ஆஸ்பத்திரியில் அம்மா சொன்னார். மருத்துவர் என் பக்கம் திரும்பினார். நானும் தொட்டி என்றேன்.

அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. ஒவ்வொரு முறையும் எனக்குப் பெட்டி நிறையத் துணி கொண்டுவருவார். எங்கள் சொந்தத்தில் அவரளவுக்கு எல்லோரிடமும் 'ங்க' போட்டுப் பேசுகிறவர் குறைவு. அடி விழுவதை நான் மழைக்காலத்தோடு சேர்த்து வைத்திருந்தேன். மழை ஏன் பெய்கிறது என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அதுபோல.

என் படிப்பைக் காரணம் காட்டிச் சேலத்துக்குக் குடிபோகும் யோசனையைச் சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. அப்பாவும் தொலைபேசியில் சரி என்றுவிட்டார். நீங்களே பார்த்து ஒன்றை முடிவு செய்து வையுங்கள், நான் வந்ததும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கிறேன் என்றாராம். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் மாமா சொன்னதை நான் கேட்டேன்.

"டவுனுக்குப் போயிட்டா மச்சான் மாறிருவாருக்கா. அக்கம்பக்கம் நாலு சனம் இருந்தா மனுசனுக்கு ஒரு கூச்சம் வருமில்ல."

"நாலு சனம் இருந்தாப் பத்தாதுடா. வரோணும்" என்றார் அம்மா.

தரகர் மொபெட்டில் முன்னே போக, மாமாவின் காரில் நாங்கள் பின்னே போனோம். இடம் கலகலப்பாக இருக்க வேண்டும், பகலிலும் ஆள் இருக்க வேண்டும், இவ்வளவுதான் அம்மா கேட்டது. தரகர் சிரித்தார். "சேலத்துல கலகலப்புக்கா பஞ்சம்? காட்டுறேன் வாங்கம்மா. ஊட்டுக்குள்ள ஒக்காந்தே திருவிழா பாக்கலாம்."

முதல் வீடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கடைகளுக்கு மேல் மாடி. கீழே ஜவுளிக்கடையின் ஒலிபெருக்கி, பரோட்டாக் கடை, கரும்புச்சாறு எந்திரத்தின் மணி. எனக்கு அந்த வீடு மிகவும் பிடித்திருந்தது. கத்தினேன். தெருவில் ஒருவர் கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பரோட்டா மாஸ்டர் கொத்துவதை நிறுத்தவில்லை. தரகர் மட்டும் படியேறி வந்து, "பாப்பா பாட்டு கிளாஸ் போவுதுங்களா?" என்றார். ஆமாம் என்றார் அம்மா.

கீழே காரில் சாய்ந்து நின்ற மாமா, "ஏ அம்மிணி, உன்ற தொண்டைக்கு பஸ் ஹாரனே தோத்துரும் போ" என்றார். அவருக்குக் கேட்டிருந்தது. அவர் மேலே வரவில்லை.

அடுத்த வீட்டில் கத்த முடியவில்லை. வீட்டுக்காரர் கூடவே வந்து குழாய்களைத் திறந்து திறந்து காட்டினார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், காலை ஒன்பதுக்கு மேல் தெருவில் ஈ காக்கை இருக்காது, ஒரு தொந்தரவும் இல்லை என்று அவர் சொல்லி முடிக்குமுன் அம்மா படியிறங்கிவிட்டார்.

பிறகு ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று. வாசலில் காவலாளி, உள்ளே பூங்கா, சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல். அறுபது குடும்பங்கள், சாயங்காலமானால் ஜேஜே என்று இருக்கும் என்றார் தரகர். நான்காவது மாடியில் நான் கத்தியபோது எதிர்வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்தது. சங்கிலியைக் கழற்றாமல் ஒரு பெண் பார்த்தார். கதவு மூடியது. உள்ளே தொலைக்காட்சியின் சத்தம் கூடியது. அம்மா இன்னும் கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "போலாம் சாமி" என்றார்.

இன்று வீட்டு விளம்பரங்களில் 'உயிர்த்துடிப்பான பகுதி' என்று போடுகிறார்கள். கீழே பட்டியல் இருக்கும்: உணவகங்கள், நடைபாதை, வணிக வளாகம், பூங்கா. வீடு மாற நினைப்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், அதனால் அதைத்தான் போடுகிறார்கள். அம்மா கேட்டதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

கடைசி வீடு கொலுசு வேலை நடக்கும் ஒரு சந்தில் இருந்தது. கார் நுழையாது. வாசலுக்கு வாசல் பெண்கள் உட்கார்ந்து வெள்ளிக் கண்ணிகளைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். சாக்கடை நாற்றம், ஒரே கூடம், ஒரு சமையலறை. தரகருக்கே கூச்சமாக இருந்தது. "இது சும்மா, வழியில இருக்குதேன்னு" என்றார். நான் சமையலறையில் நின்று கத்தினேன்.

கத்தி முடிக்குமுன் நான்கு பெண்கள் உள்ளே நின்றார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை. ஒருவர் கையில் இடுக்கி அப்படியே இருந்தது.

"என்னா பாப்பா, என்னா ஆச்சு?"

"பல்லிங்க" என்றேன். அம்மா சொல்லித்தந்திருந்த பதில் அது.

"பல்லிக்கா இந்தக் கத்து? அப்ப கரப்பான் வந்தா என்னா பண்ணுவ, போலீசக் கூப்புடுவியா?" மற்றவர்கள் சிரித்தார்கள். இடுக்கி வைத்திருந்தவர் சிரிக்கவில்லை. முழுதாக நீட்ட முடியாத அம்மாவின் இடது கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "குடி வரீங்களா? வாங்க. எதுனா ஒண்ணுன்னா ஒரு கொரல் குடு தாயி. செவுரு அரைச் செங்கல்தான், எல்லாம் கேக்கும்" என்றார்.

அன்று ஊர் திரும்பும் வழியில் மல்லூர் தாண்டும்வரை அம்மா பேசிக்கொண்டே வந்தார். அந்தச் சந்திலிருந்து எந்தப் பள்ளிக்கு எந்தப் பேருந்து, மாடுகளை யாரிடம் விடுவது என்றெல்லாம். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மழை தொடங்கி அப்பா வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவின் காரில் சந்து வீட்டைப் பார்க்கப் போனோம். அப்பா வெள்ளை வேட்டியில், குனிந்து நுழைந்து, எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். சின்ன வீடுதான், ஆனால் அவளுக்குப் பிடித்திருந்தால் சரி என்று தரகரிடம் சொன்னார். முன்பணத்தை எடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்ததில் என் தொண்டைக்கும் பங்கு உண்டு என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா?

"அப்பா, இந்த ஊட்ல கத்துனா ஒடனே ஆளு வாராங்க. நான் கத்துனனா, நாலு பேரு ஓடியாந்துட்டாங்க. அந்த அபார்ட்மெண்ட்டுல கத்துனேன், ஒருத்தருமே வல்ல."

அப்பாவின் கை பைக்குள்ளேயே நின்றது.

"அப்படியா சாமி? யாரு கத்தச் சொன்னது?"

"அம்மாதானுங்க. எல்லா ஊட்லயும்."

"எல்லா ஊட்லயுமா?" அப்பா குனிந்து என் தலையைத் தடவினார். "கெட்டிக்காரி. எந்த அபார்ட்மெண்ட்டு அது?"

சொன்னேன். அறுபது குடும்பம் இருப்பதையும் ஊஞ்சல் இருப்பதையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா சமையலறை வாசற்படியில் நின்றிருந்தார். இடுக்கிக்காரப் பெண் தன் வாசலிலிருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா தரகரிடம் திரும்பினார். "ஏனுங்க, அந்த எடத்தையும் ஒரு எட்டுப் பாத்தரலாமுங்களா? புள்ள ஆசப்படுது."

"இந்த ஊடே போதுமுங்க" என்றார் அம்மா.

"உனக்குக் கலகலப்பா வேணும்னு உன்ற தம்பி சொன்னான். அங்க அறுவது குடும்பம் இருக்குதாமா. அதுக்கு மேல என்ன வேணும்?"

மாமா கார் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் நாங்கள் நான்காவது மாடியில் இருந்தோம். அப்பா கூடத்தின் சுவரை விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டினார். சன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார். கீழே விளையாடிய பிள்ளைகளின் சத்தம் நின்றது. திறந்தார், வந்தது. மறுபடி மூடினார். "நல்ல ஊடுங்க" என்று முன்பணத்தை அங்கேயே கொடுத்தார்.

அந்த மாதமே குடிவந்தோம். பால் காய்ச்சிய அன்று அப்பா எல்லா வீட்டுக்கும் இனிப்பு கொடுத்தனுப்பினார். பெரிய இடத்து மனிதர், எவ்வளவு தன்மை என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு ஒரே வாரத்தில் பதினோரு சிநேகிதிகள் கிடைத்தார்கள். தோட்டத்தில் நான் மாடுகளோடு பேசிக்கொண்டிருந்தவள். நகரம் என்றால் இதுதான் என்று முடிவு கட்டினேன்.

அப்பா வடக்கே திரும்ப நான்கு நாள் இருந்த ஒரு மாலை. மழை விட்டிருந்ததால் அறுபது குடும்பத்துப் பிள்ளைகளும் கீழே இறங்கியிருந்தார்கள். காவலாளி விசில் ஊதி சைக்கிள்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஊஞ்சலுக்கு வரிசையில் நின்ற நான் தற்செயலாக நிமிர்ந்து எங்கள் சன்னலைப் பார்த்தேன். அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். வாய் அசைந்தது. கூச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கை காட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்த பெரியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் அப்பா வந்தார். அம்மாவின் தோளுக்கு மேலே கையை நீட்டி, சன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார்.

கொசு வரும் நேரம் என்று நினைத்தேன். என் முறை வந்தது. ஊஞ்சலில் ஏறினேன்.