முப்பாய்ச்சலும் ஜெசிந்தா ரீச்சரின் கேள்விகளும்

போன செவ்வாய்க்கிழமை காலை, பாடசாலை இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டிக்காக மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது அதிபர் தாமே என்னைத் தேடி நடந்து வந்தார். வெயிலில் இறங்கி வருகிறவர் அல்லர் அவர். கிட்ட வந்து நின்று, "ஜெசிந்தா ரீச்சர் மோசம் போயிட்டா" என்றார். வவுனியா ஆஸ்பத்திரியிலிருந்து ரீச்சரின் தமையனார் சாவுச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நோய் முற்றிவிட்டதை நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம். அறிந்திருந்தும் கையிலிருந்த சுண்ணாம்பு வாளியைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றேன்.

மேரி ஜெசிந்தா அவர்கள் கிளிநொச்சியில் எங்கள் பாடசாலையில் உயிரியல் கற்பித்தவர். முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். நான் அங்கே உடற்கல்வி ஆசிரியன். விளையாட்டுக்கும் அவருக்கும் இருந்த உறவு, போட்டி நாட்களில் சர்பத் கரைத்து ஊற்றுவதோடு சரி. தாம் வாழ்நாளில் பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவரை நான் முதலில் கவனித்ததும் அப்படியொரு சர்பத் மேசையில்தான். வயதெல்லையைத் தாண்டிவிட்டாள் என்று ஒரு பிள்ளையை நிறுத்தியிருந்தோம். எல்லைத் திகதிக்கு முதல் நாள் பிறந்தவள். தாய் அழுதுகொண்டு நின்றார். ஜெசிந்தா ரீச்சர் கையில் அகப்பையோடு என்னிடம் வந்தார்.

"சேர், ஒரு நாளில ஒரு பிள்ளை எவ்வளவு வளரும்?"

"ரீச்சர், விதி எண்டால் விதிதானே."

"ஓம், அது விளங்குது. நான் பிழை பிடிக்க வரேல்லை. அந்தத் திகதியை ஆர் தெரிவுசெய்தது, ஏன் எண்டுதான் கேக்கிறன்."

பல ஆண்டுகளாக அந்தத் திகதியை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து வந்தவன் நான். ஒருநாளும் அப்படி யோசித்ததில்லை. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பினார். அன்றிலிருந்து நாங்கள் நண்பர்களானோம்.

தர்சிகாவின் கதை சில ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. பூநகரியில் வயல் செய்யும் குடும்பத்துப் பெண். ஓடிவந்து மூன்று எட்டில் பாயும் முப்பாய்ச்சலில் மாகாணத்தில் முதலிடம் எடுத்தவள். பள்ளிப் படிப்பை முடிக்கும் உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தபோது, அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பயிற்றுநரிடமிருந்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவள் பாய்வதை யாரோ முகநூலில் போட்டிருந்தார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டே தங்கள் அணிக்காகப் பாய விருப்பமா என்று அவர் கேட்டிருந்தார்.

ஏமாற்று வேலை என்றே நான் நினைத்தேன். ஆசிரியர் அறையில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஜெசிந்தா ரீச்சர் மட்டும் அந்த மின்னஞ்சலை இரண்டு முறை வாசித்தார்.

"ஏமாத்திறவன் காசைக் கேப்பான். இந்தாள் கணக்குப் பாடத்தில என்ன பெறுபேறு எண்டெல்லோ கேக்கிறார். பாயிற பிள்ளையிட்ட கணக்கு ஏன்?"

அந்த 'ஏன்' அவரை விடவில்லை. கல்லூரிகள் விளையாட்டு வீரர்களைச் சேர்ப்பதற்கான விதிகளைத் தேடி வாசிக்கத் தொடங்கினார். ஒரு கிழமையில் என்னை விட அதிகம் அறிந்துகொண்டார். இடைவேளைகளில் எனக்குச் சொல்வார். பயிற்றுநர் ஒருவர் நினைத்த நேரமெல்லாம் ஒரு பிள்ளையோடு கதைக்க முடியாதாம். பள்ளியில் படித்த பாடங்களை அவர்கள் தங்கள் கணக்கில் எடைபோடுவார்களாம். முகவர் ஒருவரோடு பங்கு பேசிக் கையெழுத்து வைத்தால் தகுதியே போய்விடலாமாம். நான் அலுத்துக்கொண்டபோது அவர் சொன்ன வார்த்தைகள் இவை:

"விதியைக் கண்டு பயப்பிடாதேங்கோ சேர். ஆரோ ஒருத்தர் எதையோ கண்டு பயந்துதான் அதை எழுதியிருப்பினம். என்னத்தைக் கண்டு பயந்தவை எண்டு பாருங்கோ. பிறகு விதி லேசாய் விளங்கும்."

ரீச்சரும் தர்சிகாவும் நானும் ஆய்வுகூடத்தில் இருந்து பயிற்றுநரோடு காணொளியில் பேசினோம். மனிதர் உண்மையானவர்தான். ஆனால் அங்கே ஒரு சிக்கல் வெளிப்பட்டது. கல்லூரியில் ஒருவர் வருடத்துக்கு ஒன்றாக நான்கு பருவங்கள் போட்டியிடலாம். பள்ளியை உரிய காலத்தில் முடித்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருட அவகாசம் உண்டு. அதன் பிறகு வெளியே ஒழுங்கான போட்டி ஒன்றில் இறங்கினால் ஒரு பருவம் கழிந்துவிடும். தர்சிகா இரண்டாம் முறை பரீட்சை எழுதிய காலத்துக்காக அவர்கள் அந்த அவகாசத்தைக் கூட்டித் தருவதில்லை. அவகாசம் முடிந்து சில வாரங்களில் கொழும்பில் தேசிய போட்டி இருந்தது. அதில் பாய்ந்தால் அவளுக்கு ஒரு பருவம் போய்விடும்.

"இந்த விதி ஏன்?" என்று ரீச்சர் பயிற்றுநரைக் கேட்டார். வருடக்கணக்காக வெளியே பயின்று முதிர்ந்தவர்கள் வந்து, பள்ளி முடித்த கையோடு வரும் பிள்ளைகளைத் தோற்கடிக்காமல் இருப்பதற்கு என்றார் அவர்.

"நியாயம்தான்" என்று எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார் ரீச்சர். "ஆனால் எங்கட பிள்ளை அந்த வருசம் பயிற்சியே எடுத்தது? தகப்பன் வருத்தமாய்ப் படுக்கையில எண்டு வயலில எல்லோ நிண்டவள்."

அதையும் பயிற்றுநரிடம் சொன்னார். அவர் அனுதாபப்பட்டார். விதி மாறவில்லை.

தேசிய போட்டியில் அவள் பாய வேண்டும் என்று நான் நின்றேன். எங்கள் மாவட்டத்துக்கு முப்பாய்ச்சலில் ஒரு பதக்கம் கிடைக்க அவ்வளவு கிட்டிய வாய்ப்பு முன்பு வந்ததில்லை. ஒரு பருவத்தை ஏன் வீணாக்குவது என்று மற்ற ஆசிரியர்கள். ஜெசிந்தா ரீச்சர் எந்தப் பக்கமும் சேரவில்லை. "பாயப்போறது அவள். அவளுக்கு என்ன தெரியவேணுமெண்டு கேளுங்கோ" என்றார்.

தர்சிகா கேட்டாள்: "நான் பாயாமல் இருந்து, கடைசியில அவர் என்னை எடுக்காமல் விட்டால்?"

"அதுதான் கேள்வி!" என்று ரீச்சர் மேசையில் தட்டினார். தமக்கு முதலில் தோன்றாத ஒரு கேள்வியை இன்னொருவர் கேட்டுவிட்டால் அவர் முகத்தில் வரும் மகிழ்ச்சியை எங்கள் பாடசாலையில் எல்லோரும் அறிவார்கள். அடுத்த நாளே பயிற்றுநரிடம் அதை நேராகக் கேட்டார். அவரும் ஒளிக்காமல் சொன்னார்: கல்லூரி முறைப்படி எழுத்தில் தரும்வரை தமது வாய்ச்சொல் யாரையும் கட்டுப்படுத்தாது.

"அப்ப நான் பாயிறன்" என்றாள் தர்சிகா.

கொழும்பில் அவள் வெள்ளி எடுத்தாள். அதுவரை பாய்ந்ததிலெல்லாம் அதிக தூரம் அன்றைக்குத்தான். மைதானத்தில் நான் அழுதேன். ரீச்சர் தொலைபேசியில், "கடைசிப் பாய்ச்சலில எந்தக் கால் ஊண்டினவள்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்தில் அந்தப் பயிற்றுநர் வேறு கல்லூரிக்கு மாறிப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் பதிலே போடவில்லை. வாக்கு அத்தோடு முடிந்தது. தர்சிகாவின் வீட்டில் கலியாணப் பேச்சுத் தொடங்கியது. நான் மனம் விட்டுவிட்டேன். ரீச்சருக்கு அப்போதுதான் நோய் இருப்பது தெரியவந்திருந்தது. கிழமைக்கு ஒருமுறை வவுனியாவுக்குப் பேருந்தில் போய்வருவார். அந்தப் பயணங்களில் கைத்தொலைபேசியில் வேறு கல்லூரிகளுக்கு எழுதினார். பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை. பதில் போட்டவர்களிடம் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

கடைசியில் ஒரு சிறிய கல்லூரி சம்மதித்தது. மூன்று பருவங்கள்தான் மிஞ்சும் என்பது தெரிந்தே எடுத்தார்கள். ஏன் எடுத்தீர்கள் என்று ரீச்சர் கேட்காமல் விடுவாரா? கொழும்பில் அவள் பாய்ந்த தூரத்தைப் பார்த்துத்தான் என்று பதில் வந்தது. ஒரு பருவத்தைப் பறித்த அதே பாய்ச்சல்! ரீச்சர் அதை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். யாரையும் சுட்டிப் பேசவில்லை. "எவ்வளவு வடிவான விசயம்" என்று மட்டும் சொன்னார்.

நோயைப் பற்றியும் அவர் அப்படித்தான் விசாரித்தார். மருத்துவர்கள் முதலில் தயங்கினார்கள்; பிறகு கதிரையை இழுத்துப்போட்டு அவருக்குப் படம் கீறிக் காட்டினார்கள். கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது பேச்சுத் தளர்ந்திருந்தது. "பயமாய்த்தான் இருக்குது சேர்" என்றார். "ஆனால் என்ன நடக்குதெண்டு தெரிஞ்சுகொண்டு பயப்பிடுறது கொஞ்சம் சுகம்."

அடக்கத்தன்று முல்லைத்தீவில் வேதக் கோயில் நிறைந்த சனம். தர்சிகாவால் வர முடியவில்லை. அமெரிக்காவில் விடிவதற்கு முன்பே எழும்பி, பூசையைக் காணொளியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து திரும்பும்போது ரீச்சரின் தமையனார் என்னோடு கூட நடந்தார். கடலில் கறுத்த மனிதர். கண் சிவந்திருந்தது.

"தம்பி, தங்கச்சி அந்தப் பிள்ளையின்ர கதையை எனக்கு எத்தினையோ தரம் சொன்னவள். ஒண்டு மட்டும் விளங்கேல்லை. ஏன் நாலு பருவம்? அஞ்சாய் இருந்தால் என்ன?"

"கேட்டுச் சொல்லுறன் அண்ணை" என்று, ரீச்சரைக் கேட்கிற பழக்கத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். யாரைக் கேட்பேன் என்று அவரும் திருப்பிக் கேட்கவில்லை. இருவரும் கடற்கரை வீதியில் நடந்தோம்.

ரீச்சர், நீங்கள் இளைப்பாறுங்கள். இந்த ஒன்றை நாங்களே கேட்டு அறிந்துகொள்கிறோம்.