அம்மா வைத்த முதல் வெல்டு

அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கடலூர் கெமிக்கல் எஸ்டேட்டில் டேங்க் கட்டுகிற ஒரு கம்பெனியில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். ஒரு வெல்டு பிடிக்கவில்லை என்றால் அதைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுவேன். வட்டம் போட்டால் வெட்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். கெஞ்சினாலும் முறைத்தாலும் வட்டத்தை அழிக்க மாட்டேன். முதுகுக்குப் பின்னால் என்னை என்னென்ன பேசுவார்கள் என்று தெரியும், பேசட்டும். அப்படிப்பட்டவள், சொந்தத் தம்பி உட்கார்ந்து போகிற வண்டியில் ஒரு வெல்டுக்கு வட்டம் போடாமல் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பைக் விபத்தில் தம்பிக்குக் கழுத்தில் அடிபட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. கை வீல்சேர் சக்கரத்தைத் தள்ளும், பேனா பிடிக்கும், ஆனால் உடம்பைத் தூக்கித் தராது. எங்கே போவதென்றாலும் யாராவது அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்க வேண்டும். சிதம்பரம் வீட்டில் அம்மா தூக்குவாள். வெளியே ஆட்டோ டிரைவர், டீக்கடைக்காரர், சில நாள் யாரென்றே தெரியாத ஆள். வீட்டில் உட்கார்ந்தே படித்து, பரீட்சை எழுதி, கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைக்கும் என்று ஆனபோது அவன் கேட்டது ஒன்றுதான்.

"ஆபீசுக்குள்ள நானே உருட்டிக்கிட்டுப் போவணும்க்கா. ஒருத்தரும் என்னைத் தூக்கக் கூடாது. அதுக்கு மட்டும் வழி பண்ணிக் குடுங்க."

வழியைக் கண்டுபிடித்தவர் என் கணவர். செம்மங்குப்பத்துப் பக்கம் அவருக்கு இரும்பு வேலை செய்யும் ஃபேப்ரிகேஷன் ஷெட் இருக்கிறது. கம்மாபுரத்தில் ஒரு விவசாயி வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு பழைய வேன் நின்றது. உருண்டை ஹெட்லைட், பக்கவாட்டில் அகலமாகத் திறக்கும் கதவு. வீல்சேர் தாராளமாக நுழையும். மேலே பாடி நன்றாக இருந்தது. கீழே பாரம் தாங்கும் இரும்புச் சட்டம், அதாவது சேஸிஸ், விரலால் குத்தினால் உதிர்ந்தது. பாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தளம் தாழ்வாக வருகிற மாதிரி புது சேஸிஸ் கட்டுவது அவர் திட்டம். இரும்புப் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் ஏர் சஸ்பென்ஷன், அதாவது சொகுசு பஸ்ஸின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்குமே கறுப்பு ரப்பர் பலூன், அது நான்கு. சுவிட்சைத் தட்டினால் காற்று இறங்கி வண்டி தரையோடு தாழும். பலகையைச் சாய்த்தால் தம்பி தானே உருட்டி ஏறிக்கொள்ளலாம். பிறகு காற்றை ஏற்றினால் வண்டி எழுந்து நிற்கும். ஆர்.டி.ஓ. அனுமதிக்கு நாங்கள் அலைந்த கதையை இங்கே சொல்லப்போவதில்லை.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு வண்டி கட்ட ஆரம்பிக்கும்போது பூஜை போட்டு, வண்டிக்காரர் வீட்டு ஆள் கையால்தான் முதல் வெல்டு வைப்பார்கள். என் கணவர் பின்னால் நின்று கையைப் பிடித்துக்கொள்வார். இரண்டு விரல் அகலத்துக்கு ஓடினால் போதும், அதன் மேலேயே அவர் முறையாக வெல்டு போட்டு மூடிவிடுவார். அந்த முதல் வெல்டை யாரும் வெட்டி எடுக்க மாட்டார்கள். வெட்டினால் வண்டிக்கு ஆகாது என்று எல்லோருக்கும் எண்ணம்.

தம்பி வண்டிக்கு முதல் வெல்டு வைக்க அம்மா வந்திருந்தாள். நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மெஷின் மக்கர் செய்தது. நான் குனிந்து, இரண்டு இரும்பும் சேரும் மூட்டைப் பார்த்தேன்.

"ஏங்க, கேப்பு ஜாஸ்தியா இருக்குது. சரி பண்ணிட்டு வைங்க."

சுற்றிலும் ஷெட் ஆட்கள் நின்றார்கள். "இங்க நீ இன்ஸ்பெக்டர் இல்ல. பொண்டாட்டியா நின்னா போதும்" என்றார் கணவர். ஆட்கள் சிரித்தார்கள். எனக்குக் காது வரை சூடேறியது. சரி, பொண்டாட்டியாகவே நிற்கிறேன் என்று தள்ளிப் போய் நின்றேன்.

அவர் மெஷின் பக்கம் திரும்பிய நேரத்தில் அம்மா இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கோயில் விபூதி. இரண்டு விரலால் கிள்ளி, இரண்டு இரும்புக்கும் நடுவே இருந்த இடைவெளிக்குள் தள்ளினாள். போதாதென்று இன்னொரு கிள்ளு. மகன் உட்காரும் இடத்துக்குக் கீழே சாமி இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். கணவர் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மெஷின் சரியானதும் அவர் அம்மா கையைப் பிடித்து அதன் மேலேயே வெல்டு வைத்தார்.

மூட்டில் ஒரு வியர்வைத் துளி விழுந்தாலே துடைக்கச் சொல்கிறவள் நான். சாம்பலோ எண்ணெயோ உள்ளே இருந்தால் வெல்டுக்குள் பொத்தல் விழும். வெளியே வழுவழுவென்று இருக்கும், உள்ளே புழு அரித்த கத்தரிக்காய்தான். "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துடைத்துவிட்டு வைத்திருப்பார்கள். அம்மா அழுதுகொண்டிருந்தாள், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மறுபாதி ரோஷம். பொண்டாட்டியாக நில் என்றவருக்கு இன்ஸ்பெக்டர் எதற்குச் சொல்ல வேண்டும் என்ற வீம்பு.

இரண்டு வாரம் கழித்து ஷெட்டுக்குப் போனபோது பின்பக்கத்து இடது பலூனைத் தாங்கும் தட்டை வைத்திருந்தார்கள். சரியாக அந்த மூட்டின் மேல். வண்டியின் பாரம் அங்கேதான் இறங்கும், காற்று ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த வெல்டு இழுபடும். நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் பிரைமர் அடித்துவிட்டார்கள். அப்புறம் பெயின்ட். அதன் பிறகு பாடி ஏறியது. ஒவ்வொரு கட்டத்திலும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. வீல்சேரைத் தளத்தோடு பூட்டும் கொக்கியும் அதற்கு நேர் மேலே வந்தது.

வேலை உத்தரவு வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சேர வேண்டும். அதற்கு முந்தின நாள், ஞாயிறு, வேன் முழுசாகத் தயார். வண்டிப் பூஜைக்கு சிதம்பரம் போய்வரலாம் என்று கிளம்பினோம். கணவர் ஓட்ட, அம்மா முன்னால், நானும் தம்பியும் பின்னால். ஷெட் வாசலில் வேன் பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. தம்பி பலகையில் உருட்டி உள்ளே ஏறினான். பழக்கத்தில் நீண்ட அம்மாவின் கைகள் பாதியில் நின்றுவிட்டன. அவன் வாய்விட்டுச் சிரித்தான், நான்கு வருடத்தில் முதல் முறையாக. எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். நான் தரையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

போகும்போது ஒன்றுமில்லை. பூஜை முடிந்து திரும்பும்போது, புதுச்சத்திரம் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் என் காலுக்கடியில் ஒரு சத்தம். சின்னதாக, நகத்தைச் சொடுக்கியதுபோல.

"கேட்டுச்சா?" என்றேன்.

"பலகை ஆடுது, வேற ஒண்ணும் இல்ல" என்றார் கணவர்.

ஆலப்பாக்கத்தில் மறுபடியும். இந்த முறை சத்தம் உலோகச் சத்தம் என்பது தெளிவாகவே தெரிந்தது. எதிரே லாரிகள் வந்துகொண்டிருந்தன. தம்பி ஜன்னல் வழியாக எதையோ காட்டிப் பேசிக்கொண்டு வந்தான். அவன் பேசிய ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. அடுத்த பள்ளம் எப்போது வரும் என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது, மூன்றாவது சத்தமும் வந்தது.

"நிறுத்துங்க. ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். இறங்கி வண்டிக்குப் பின்னால் வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அம்மா காதில் விழாதபடி.

"அஞ்சு மாசமா தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"என்கிட்ட சொல்லாம இருந்த."

அவர் திட்டியிருந்தால் தேவலை. மீதி தூரத்தை நடை வேகத்தில் ஓட்டி ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

தம்பியை வீல்சேரோடு இறக்கிவிட்டு, வண்டியை முட்டுக்கொடுத்துத் தூக்கினோம். அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டினேன். என் பையில் எப்போதும் சோதனை மருந்து இருக்கும். சிவப்புத் திரவத்தைத் தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளை மருந்தைத் தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு வெள்ளையில் கசிந்து வரும். கம்பெனியில் அந்தப் பத்து நிமிடத்தில் டீ குடிப்பேன். அன்று வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தேன். வெள்ளையைத் தெளித்தேன். கொஞ்ச நேரம் வெறும் வெள்ளை. கடவுளே என்று மூச்சு விடும்போது ஓர் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. அது நீண்டது. வெல்டைத் தாண்டி, சேஸிஸ் இரும்புக்குள்ளேயே கட்டைவிரல் நீளத்துக்குப் போனது.

கணவர் குனிந்து பார்த்தார். இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்து முதல் வெல்டை வெட்டினார். உள்ளே குழிகுழியாக, சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டிக்கிடந்தது.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வெல்டிங் தெரியாது. ஆனால் அந்தப் பொடி எது என்று தெரிந்துவிட்டது. "நான் வெச்சதா?" என்றாள். "எம்புள்ளைக்கு நானே..."

"இல்ல அத்த" என்றார் கணவர், நிமிராமலே. "வெல்டிங் ராடுல ஈரம் இருந்துச்சு. காய வெக்காம போட்டுட்டேன். என் தப்பு."

ஷெட் ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள். தன் வெல்டைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் அன்றைக்குச் சாப்பிடாத மனிதர் அவர். அத்தனை பேருக்கு முன்னால் அந்தப் பொய்யைத் தலையில் போட்டுக்கொண்டார். தப்பு யாருடையது என்று அவரைத் தவிர தெரிந்த ஒரே ஆள் நான், அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

விரிசல் ஓடிய இரும்பை வெட்டிவிட்டு வேறு துண்டு வைக்க வேண்டும். அந்தத் தடிமனில் ஷெட்டில் இரும்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை இரும்புக்கடையும் இல்லை. மேலே ஒரு பிளேட்டை வைத்து அடித்துவிட்டால் காலையில் ஆபீஸ் வரைக்கும் போய்விடலாம் என்றார் ஓர் ஆள். கணவர் என்னைப் பார்த்தார். தம்பியும் பார்த்தான். சரி என்று தலையாட்ட எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சாக்பீஸை எடுத்து வட்டம் போட்டேன்.

"ஒரு நாலு நாளு டைம் கேளேன்டா" என்றேன் தம்பியிடம்.

"மாட்டேன்க்கா. சேர்றதுக்கு முன்னாடியே என்னால வர முடியலன்னு எழுதிக் குடுக்கவா?" வட்டத்தைப் பார்த்தான். பிறகு, "மாமா, காலைல ஒரு ஆட்டோ சொல்லிடுங்க" என்றான்.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அலுவலக வாசலில் என் கணவர் அவனை ஆட்டோவிலிருந்து தூக்கினார். வீல்சேரின் கால் பலகை மடங்கிக்கொண்டு விரியவில்லை. நான் அதோடு மல்லுக்கட்டும் வரை அவனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுவாசலில் நின்றார். படியில் நின்றவர்களும் வாட்ச்மேனும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தம்பி யாரையும் பார்க்காமல் எதிரே இருந்த அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தான். சட்டை மேலேறி முதுகு தெரிந்தது. இழுத்துவிட எனக்குக் கை ஒழியவில்லை.

வேன் வியாழக்கிழமை தயாரானது. இரண்டு முறை சோதித்தேன், சுத்தமான வெள்ளை. அன்றிலிருந்து, ஷெட் ஆள் ஒருவர் வேனை ஓட்ட, அவன் யார் கையும் படாமல்தான் வேலைக்குப் போய்வருகிறான்.

ஒரு மாதம் கழித்து, லீவு போட்டுவிட்டு ஒரு நாள் அவனோடு போனேன். அலுவலக வாசலில் வேன் தாழ்ந்து முடிவதற்குள் உள்ளே இருந்து வாட்ச்மேன் ஓடி வந்தார். கதவு திறந்ததும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு குனிந்தார்.

"வேணாம்ணே. நானே எறங்கிக்கிறேன்" என்றான் தம்பி. அவர் மனசில்லாமல் நகர்ந்து நின்றார்.

"தெனமும் இப்படித்தான் வராரா?" என்று கேட்டேன்.

"மொத நாளு பாத்தாருல்ல" என்றான், பலகையில் இறங்கிக்கொண்டே.