எனக்கு மட்டும் ஒன்னும் நடக்கல

வெளிநாட்டுக்கு ஊழியத்துக்குப் போகிற கூட்டத்தில் பாடுகிறவரைச் சபைக்குத் தெரியும், பேசுகிறவரைத் தெரியும். பெட்டி தூக்குகிறவனை ஏர்போர்ட்டில் எடை போடுகிறவர்களுக்கு மட்டுந்தான் தெரியும். நான் பெட்டி தூக்குகிறவன். பேர் ஸ்டீவன். போர்ட் கிள்ளானில் ஒரு கார்கோ கம்பெனியில் வேலை. சாமான் ஏற்றி இறக்கத் தெரிந்தவன் என்று சபையிலும் அதே வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். டிக்கெட், மருந்து, பொம்மலாட்டப் பொம்மைகள், நெத்திலி சம்பல் போத்தல் வரை எல்லாம் என் பொறுப்பு.

எங்கள் சபை கிள்ளானில் இருக்கிறது. வருடம் ஒரு தடவை இளைஞர்கள் ஒரு குழுவாகக் கிளம்பி ஏதாவது ஒரு நாட்டுக் கிராமத்துக்குப் போவோம். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்போம், பள்ளிக்கூடத்துக்குக் கழிவறை கட்டுவோம், சுவருக்குச் சாயம் அடிப்போம். திரும்பி வந்ததும் வருகிற ஞாயிறு சாட்சி ஞாயிறு. எல்லோரும் ஒரே நிற டீ-ஷர்ட்டில் மேடையேறி, அங்கே கர்த்தர் என்ன செய்தார் என்று மைக்கில் சொல்ல வேண்டும். சபை அழும். யாருடைய சாட்சிக்கு அதிகம் அழுகிறார்கள் என்று பார்ப்பது தப்பு என்பார்கள். நான் பார்ப்பேன்.

குடும்பப் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் படத்தில் இல்லாமல் போனவர்களே, விருந்தில் கடைசிவரை பரிமாறிவிட்டு அப்பளம் தீர்ந்த பிறகு உட்கார்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

கித்தார் கம்பி

முதல் பயணம் கம்போடியா. பிள்ளைகள் கூடிப் பாடிக்கொண்டிருக்கும்போது எங்கள் தலைவர் ஜெரமி அண்ணனின் கித்தாரில் கம்பி அறுந்துவிட்டது. பாட்டு நின்றது. எங்கள் குழுவில் பிரிசில்லா என்று ஒரு பெண். ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறாள், நன்றாகப் பேசுவாள். அவள் முகம் துடைக்க டிஷ்யூ தேடிக் கித்தார் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தாள். உள்ளே புத்தம்புது கம்பி. அப்படியே மண்டி போட்டுவிட்டாள்.

சாட்சி ஞாயிறன்று அதைச் சொல்லிச் சபையையே உருக்கிவிட்டாள். நாங்கள் கேட்கவில்லை, தேடவில்லை, ஆனால் பையில் இருந்தது என்றாள். அதற்கு அல்லேலூயா கூரையைத் தொட்டது. அது பையில் இருக்காமல் என்ன செய்யும்? பிரிக்ஃபீல்ட்ஸில் மழையில் பார்க்கிங் கிடைக்காமல் நாலு சுற்றுச் சுற்றி நான் வாங்கி வைத்த கம்பி அது. அடுத்து மைக் என்னிடம் வந்தது. எல்லாம் நல்லபடியாக நடந்தது, ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். காரில் வரும்போது அம்மாவிடம் பொருமினேன். அம்மா அசரவே இல்லை.

"கடவுள்தான்டா உன்ன வாங்க வச்சிருக்காரு. அது சரி, உனக்குன்னு ஒன்னுமே நடக்கலையா?"

காய்ச்சல்

அடுத்த வருடம் நேப்பாளத்தில் ஒரு மலைக் கிராமம். போன மூன்றாம் நாள் பிரிசில்லாவுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். அந்த ஊர்ப் பெண்கள் ஓடி வந்தார்கள். பாஷை தெரியாது, ஆனால் அவள் நெற்றியில் கை வைத்து விடிய விடிய ஜெபம் பண்ணினார்கள். நான் மூலையில் உட்கார்ந்து உப்புச் சர்க்கரைப் பொடியைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்கிக் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்து பசிக்கிறது என்றாள். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேனே, எனக்கும் ஒரு காய்ச்சல் வராதா என்று இருந்தது. வேண்டுமென்றே ரோட்டோரத்தில் பச்சைச் சட்னி வாங்கித் தின்றேன். ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினேனாம். சாட்சியில் அந்தப் பெண்களின் கை வந்தது, ஜெபம் வந்தது, மலைக்காற்றுகூட வந்தது. உப்புத் தண்ணீர் மட்டும் வரவில்லை. சபைக் கார்பார்க்கில் அவளிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவள் கொஞ்சமும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஞாபகம் இருக்கு ஸ்டீவன், ரொம்ப உப்பா இருந்துச்சு. சொல்லிருக்கலாம்தான். ஆனா மூனு நிமிஷந்தானே லா கொடுத்தாங்க."

பஸ் கூரையில்

மூன்றாவது இலங்கை, தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைகள் தமிழ் பேசுவதால் ஒட்டுதல் அதிகம். கிளம்புகிற அன்று ஆளாளுக்கு ஒரு பிள்ளை இடுப்பைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று அழுகிறது. ஜெரமி அண்ணன் மேல் மூன்று பிள்ளைகள். பிரிசில்லாவைப் பார்க்கவே முடியவில்லை, அவ்வளவு பிள்ளைகள். நான் பஸ் கூரையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு சின்னப் பெண் பின்பக்க ஏணியைப் பிடித்து மேலே ஏறி வந்தாள். எனக்கும் ஒரு ஆள் இருக்கிறது. எல்லோரையும் விட்டுவிட்டு என்னைத் தேடி வந்திருக்கிறது. மண்டியிட்டு அவள் உயரத்துக்குக் குனிந்து, என்னம்மா என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

"மாமா, அந்தக் கயித்தக் குடுத்துட்டுப் போறீங்களா? எங்க மாட்டுக்குக் கயிறு இல்ல."

பாஸ்டரிடம் போனேன்

கயிற்றைக் கொடுத்தேன். ஆனால் அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் பாஸ்டரை ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போய், தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்து, மனதில் இருந்ததைக் கொட்டினேன். எனக்கு வயிறு எரிகிறது பாஸ்டர் என்றேன். பிரிசில்லா மேலா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால், பாவம், அவள் என்ன செய்தாள்? கம்பியை நான் வாங்கினேன், பேர் அவளுக்குப் போகவில்லையே. உப்புத் தண்ணீரை நான் கலக்கினேன், அந்தப் பேரும் அவளுக்குப் போகவில்லை.

அப்போதுதான் எனக்கே விளங்கியது. வேலையெல்லாம் நான் செய்கிறேன், ஸ்தோத்திரம் முழுக்க வேறு ஒருத்தருக்குப் போகிறது. கர்த்தர் மேலதான் பாஸ்டர் பொறாமை என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மனுஷன் சிரித்தார் பாருங்கள், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவருக்கும் அந்தக் குணம் உண்டு தம்பி, வேதத்துலயே இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்குங்க."

ஆறு மாதம்

சிரித்தாலும் பாஸ்டர் நல்லவர். அந்த வருடப் பயணத்துக்கு முக்கியச் சாட்சி என்னுடையது என்று சபையில் அறிவித்துவிட்டார். மூன்று நிமிடம் இல்லை, இருபது நிமிடம். அம்மா சபையின் பெண்கள் ஐக்கியம் முழுக்கச் சொல்லிவிட்டு, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் புதுப்புடவையும் எடுத்துவிட்டார். நான் கண்ணாடி முன் பேசிப் பார்த்தேன். எந்த இடத்தில் தொண்டை கரகரக்க வேண்டும் என்பதுகூட முடிவாகிவிட்டது. என்ன நடந்தது என்பதுதான் பாக்கி.

மறுபடியும் கம்போடியா, வேறு கிராமம். பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். எல்லோருடையதையும் வாங்கிப் பார்த்தேன். பிரிசில்லாவை இமிகிரேஷனுக்கு விரட்டிப் புதுப்பிக்க வைத்தேன், தலைமேல் நின்று நச்சரிக்கிறேன் என்று அழுதாள். கே.எல்.ஐ.ஏ. ஏர்போர்ட்டில் எல்லோரையும் முன்னால் அனுப்பி, பெட்டிகளை ஏற்றிவிட்டு, கடைசியாக என்னுடையதை நீட்டினேன். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் இரண்டு தடவை பார்த்தாள். ஐந்து மாதம்தான் இருந்தது. எவ்வளவோ கெஞ்சினேன், ஒன்றும் ஆகவில்லை. குழு உள்ளே போயாக வேண்டும். ஜெரமி அண்ணன் என் தோளைத் தட்டினார். பிரிசில்லாதான் உண்மையிலேயே திகைத்துப்போய்க் கேட்டாள்.

"எங்களுதெல்லாம் நீ பாத்த. உன்னோடத யாரு பாத்தா?"

சாவி

வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தேன். அவர்களுக்காக வாய் ஜெபித்தது. உள்ளே இருந்தவன், நான் இல்லாமல் நல்லா அவதிப்படட்டும் என்றான். மறுநாள் அம்மா துணி துவைக்கும்போது என் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து வந்து, இது என்னடா என்றார். இரண்டு பெரிய பெட்டிகளின் சாவி. பொம்மைகள், மருந்து, சம்பல் எல்லாம் அதற்குள். பூட்டும் நான் தேடிப் பிடித்து வாங்கிய பூட்டு, லேசில் உடையாது. வாட்ஸ்அப்பில் எது அனுப்பினாலும் ஒரு டிக்கோடு நின்றது. அந்த வாரம் முழுக்க அம்மா, அதுக்கு என்ன செய்வாங்க, இதுக்கு என்ன செய்வாங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வழக்கமாக நான் என்ன செய்வேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் நடந்தது தெரிந்தது. நான் ஏற்பாடு செய்த வேன்காரர் அங்கே ஏர்போர்ட்டில் என் பேர் எழுதிய அட்டையோடு நின்றிருக்கிறார். ஸ்டீவன்தான் வரவில்லையே என்று இவர்கள் அவரைத் தாண்டிப் போய் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, வேறு ஒரு கிராமத்தில் இறங்கிவிட்டார்கள். இதுவரை வெளியாள் யாரும் வராத ஊராம். பெட்டி திறக்கவில்லை. ஊர்க்காரர்கள் சோறு போட்டு, பாய் போட்டு, இவர்களுக்குப் பாட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சாட்சி ஞாயிறன்று ஒவ்வொருவரும் அதைச் சொல்லச் சொல்ல, சபையில் ஒரு கண்ணாவது காய்ந்திருக்க வேண்டுமே. என்னுடையது மட்டும் காய்ந்திருந்தது. ஜெரமி அண்ணன் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்து, கண்ணீரோடு கட்டிப்பிடித்தார்.

"நீ வந்திருந்தா இதுல ஒன்னுகூட நடந்திருக்காதுடா!"

இரண்டாவது வரிசை

பாஸ்டர் முடிவு ஜெபத்துக்கு எழுந்தார். அதற்குள் இரண்டாவது வரிசையில் ஒரு புதுப்புடவை எழுந்து நின்றது. எங்கள் அம்மா. வீட்டில் சத்தமாகப் பேசுவாரே தவிர மைக்கைத் தொட்டதில்லை. யாரும் கூப்பிடவில்லை. தானே படியேறிப் போய் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

"என் பையன் மூனு தடவ இந்தப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போனான். மூனு தடவயும் யாரும் வழி தவறல, யாரும் பட்டினி கெடக்கல. உனக்கு ஒன்னுமே நடக்கலையாடான்னு நான்தான் அவன ஏசுவேன். ஒன்னும் நடக்காம இருக்கறதுக்கு எவ்வளவு வேல பாக்கணும்னு இந்த வாரந்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஸ்தோத்திரம்."

முதலில் பிரிசில்லா தேம்பினாள், பிறகு சபையே தேம்பியது, பெண்கள் ஐக்கியம் அடுத்த மாதக் கூட்டத்துக்கு அம்மாவையே பேசக் கூப்பிட்டிருக்கிறது. ஆக எங்கள் வீட்டில் இன்னும் சாட்சி சொல்லாத ஆள் நான் ஒருத்தன்தான்.