வெள்ளை நூல் பத்து உருண்டை

எனக்குக் குரோஷா பின்னத் தெரியும் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து யாரும் எனக்குச் சேலை எடுத்துத் தருவதில்லை. உல்லன் நூல்தான் தருகிறார்கள். தூத்துக்குடியில் உல்லனைப் பின்னி யார் போடுவது? மார்கழியிலும் மின்விசிறி ஓடுகிற ஊர் இது. துபாயிலிருந்து வந்த தம்பி, பை நிறைய ரோஸும் ஊதாவுமாகக் கொண்டுவந்து கொட்டினான். அவன் இருக்கிற ஊரிலும் குளிர் கிடையாது. எங்கே தேடி வாங்கினானோ.

நான் பின்னுவது மெல்லிய பருத்தி நூலில். மேசை விரிப்பு, தலையணை உறைக்கு ஓரம், முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் பெண்பிள்ளைகளின் முக்காட்டுக்கு ஓரம். இத்தனை வருஷத்தில் நானாக உல்லன் பின்னி யாரும் பார்த்திருக்க முடியாது. என் மடியைப் பார்த்திருந்தால்தானே தெரியும்.

கொடுப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. என் கணவரின் அக்காவை மதினி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு நாலு உருண்டை உல்லனைப் பரிசென்று கையில் கொடுத்துவிட்டு, பேத்திக்கு ஒரு கவுன் போட்டுவிடு, மீதி வந்தால் தொப்பியும் போடு என்றார். நன்றாகச் சமைக்கிற ஒருத்திக்கு நாலு கிலோ மீனைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்து, குழம்பு வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவா என்று யாராவது சொல்வார்களா? பின்னுகிறவளிடம் மட்டும் சொல்லலாம். நான் கவுனும் போட்டேன், தொப்பியும் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தாலும் கை தூக்காமல் இருந்தே பத்தாம் வகுப்பை முடித்தவள் நான்.

அதனால்தான் போன வருஷம் பங்குச் சாமியார், கோவில் திருநாளுக்குப் பீடத்தில் விரிக்கும் துணி பின்னித் தரமுடியுமா என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன். பாட்டுக் குழுவில் நான் இல்லை. வாசகம் வாசிக்கப் போவதில்லை. கோவிலில் கடைசி பெஞ்சுதான் என் இடம். ஊருக்கு முன்னால் வைக்க என்னிடம் இருந்தது இந்தப் பின்னல் ஒன்றுதான். அதில் ஒரு குறை இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

நூலை பஜாரில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தேன். வெள்ளை நூலிலும் ஒவ்வொரு முறை சாயச்சாலையிலிருந்து வருவது ஒவ்வொரு வெள்ளையாக இருக்கும். உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையில் அதற்கென்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அந்த எண் மாறினால் வெள்ளையும் மாறும். திருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பக்கத்து ஓரம் மட்டும் பாக்கி. கூடையில் மூன்று உருண்டை இருந்தது. சரியாகப் போதும்.

அந்த வாரம் என் பிறந்தநாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் மதினி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் கலர் காகிதம் சுற்றிய பெட்டி. பிரித்தேன். பத்து உருண்டை, வெள்ளை, பருத்தி நூல், நான் வாங்கும் அதே கம்பெனி. உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் தடவையாக ஒருவர் நான் என்ன பின்னுகிறேன் என்று பார்த்து வாங்கியிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் கூடையைப் பார்த்தேன். மூன்று உருண்டையையும் காணவில்லை. மதினியிடம் கேட்டேன்.

"பத்து குடுத்திருக்கேம்லா ஏளா. பழசு மூணையும் பேத்திகிட்ட குடுத்துவிட்டுட்டேன். பள்ளிக்கூடத்துல பொம்மை செய்யணுமாம், தலைமுடிக்கு."

பேத்தி வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன். முடியாக வெட்டி ஒட்டியாகிவிட்டது.

புது நூலைப் பீடத்துணியின் மேல் வைத்துப் பார்த்தேன். துணி பசும்பால் மாதிரி. புது நூல் சொட்டு நீலம் போட்டு அலசியது மாதிரி. சேராது மதினி என்று மெதுவாகச் சொன்னேன். கோவிலில் யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று சிரித்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற என் கணவர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அக்கா ஆசையா வாங்கிட்டு வந்திருக்கா. வெள்ளையில என்னளா வெள்ளை?"

இதைச் சொல்வது யார்? வாலிபத்திலிருந்து உப்பளத்தில் வேலை செய்கிறவர். ரோட்டில் பைக்கில் போகும்போதே, அந்த உப்பு அம்பாரம் மழைக்கு முந்தி வாரியது, இது பிந்தி வாரியது என்று சொல்வார். ஒரு தடவை யாரோ ஒருவர் இரண்டையும் கலந்து கொட்டிவிட்டார் என்று ஒரு வாரம் சோறு செல்லாமல் புலம்பினார். அத்தனையையும் உட்கார்ந்து கேட்டவள் நான். ஒரு நாளாவது உப்பில் என்ன உப்பு என்று கேட்டிருப்பேனா?

"மழைக்கு முந்தி வாரின உப்பையும் பிந்தி வாரினதையும் ஒரே அம்பாரத்துல கொட்டுவியளா?"

"அது எப்படிக் கொட்ட முடியும்?"

"ரெண்டும் வெள்ளைதான."

என் குரல் சத்தமாகத்தான் வந்தது. மதினி தம்பியைப் பார்த்தார்.

"ஏலே, ஒம் பொண்டாட்டிக்கு வாயி இருக்குலே. இத்தன வருஷமா எங்கன வச்சிருந்தா?"

என் கணவர் துணியையும் ஒரு உருண்டையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். உள்ளங்கையில் உப்பை வைத்துப் பார்ப்பது போல வெயிலில் பிடித்து, கையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, வேறதான் என்றார். பழைய காகிதப் பட்டை இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் தூத்துக்குடிக் கடைகளில் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் புது எண்தான். பிறகு சாத்தான்குளத்துக்கே பைக்கில் போய், தையல் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில் கண்டுபிடித்தார். விற்காமல் தங்கிப்போன பழைய பெட்டி. அதில் நாலு உருண்டை. கடைக்கார அண்ணாச்சியிடம் எண்ணைச் சொன்னதும் பெட்டியையே கவிழ்த்துவிட்டார் என்றார். தூசி படிந்த பையோடு என் கையில் கொடுத்தார். கலர் காகிதம் இல்லை. எண்ணைப் பார்த்தேன். அதேதான்.

பின்னுகிறவர்களுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இதுதான். காகிதப் பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். அது பெரிய வித்தை இல்லை. ஆனால் கேட்கவேண்டும்.

அந்தச் சந்தோஷத்தையும் அவர் முழுசாக விடவில்லை. "மிச்சம் வந்தா என் பைக் சீட்டுக்கு ஒரு உறை போட்டுரு" என்றார். ஒரு உருண்டை மிச்சம் வந்தது. போடவில்லை.

திருநாளன்று துணி பீடத்தில் விரிந்திருந்தது. நாலு பக்கமும் ஒரே வெள்ளை. பூசை முடிந்து வாசலில் பெண்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நூல் பூராவும் நாங்கள் வாங்கிக் கொடுத்தது என்று மதினி சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றேன். வழக்கமாக அப்படியே நகர்ந்துவிடுவேன்.

நகரவில்லை.

"ஒங்க நூலு பத்தும் பட்டை பிரிக்காம வீட்ல இருக்கு மதினி. வந்து எடுத்துக்கிடுங்க. பொம்மைக்கு முடி வைக்க ஆவும்."